பேர் போடாத பாட்டு

துபாய்
17.2.1995

அன்பு அனீஸாவுக்கு,

உன் மச்சான் ஸலாத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம். உன் கடிதம் வந்த அன்று மட்டும் கொஞ்சம் கூடுதல் சுகம். வயிற்றில் இருப்பவரும் நீயும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? உம்மா சமைக்கும் மீனில் புளி அதிகம் என்று எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தை உம்மாவிடம் படித்துக் காட்டும்போது அந்த வரியைத் தாண்டிவிடு.

பெயிண்ட் குடோன் வேலை எப்போதும் போலத்தான். ஆறு நாள் டப்பா எண்ணுகிறேன். ஏழாவது நாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து மம்ஸார் கடற்கரைக்குப் போய்விடுகிறோம். நம்மூர் அப்துல் வஹாப் காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டுவான், நான் பாடுவேன். முதலில் அறைக்காரர்கள் எட்டுப் பேர்தான் கேட்டார்கள். போன வாரம் மணலில் நாற்பது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கும்பகோணத்துக்காரர் ஒருவர் வந்து, "பாய், எங்க சங்கத்து விழாவுல மேடை தர்றோம், வந்து பாடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டது "நடவே இல்லாத வயலு" என்ற பாட்டை. அந்த வரி உன்னுடையது. கல்யாணமாகி வந்த முதல் வாரம் கடலைப் பார்த்துவிட்டு நீ சொன்னது. தோப்புத்துறையில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் என்றால் வாப்பாவின் படகும் மீன் வாடையும்தான். ஆடுதுறை வயலுக்கு நடுவே வளர்ந்த உன் கண்ணுக்குத்தான் அது வேறாகத் தெரிகிறது. கேட்காமல் எடுத்துவிட்டேன். கோபமா? கோபம் இல்லையென்றால், இன்னும் கொஞ்சம் கடலை எழுது.

உன் பிரியமுள்ள
ஜாஃபர் சாதிக்


தோப்புத்துறை
6.3.1995

பிரியமுள்ள மச்சானுக்கு,

உங்கள் அனீஸாவின் ஸலாம். மாமிக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். புளி வரியைத் தாண்டித்தான் படித்தேன். ஆனாலும் "நடுவுல என்னமோ முழுங்கிட்டியே, என்னா அது?" என்று கேட்டுவிட்டார்கள். உங்கள் உம்மாவை ஏமாற்ற நான் இன்னொரு பிறவி எடுக்க வேண்டும்.

கோபமெல்லாம் இல்லை. கடலைப் பற்றி நான் சொல்வதை யார் எடுத்துக்கொண்டால் என்ன, அது யார் வீட்டுச் சொத்து? ஆனால் நாற்பது பேர் அதைக் கேட்டார்கள் என்று படித்தபோது சிரிப்பும் வெட்கமும் வந்தது. எங்கள் அம்மா, நான் வாய் ஓயாமல் பேசுகிறேன் என்று திட்டித்தான் வளர்த்தது. அந்த வாய்க்கு துபாயில் கிராக்கி என்றால் நம்புமா?

கேட்டீர்களே, இந்தாருங்கள். நேற்றுச் சாயங்காலம் மாமியுடன் கடற்கரைக்குப் போனேன். காற்று தெற்கேயிருந்து அடித்தது. பால் பிடித்த கதிர் காற்றுக்குச் சாய்ந்து நிமிருமே, அதே மாதிரி தண்ணீர் சாய்ந்து நிமிர்ந்தது. எங்கள் ஊரில் ஒரு மடை திறக்க எத்தனை சண்டை! மேல்வயல்காரன் விட்டால்தான் கீழ்வயல்காரனுக்கு. இங்கே மடையும் இல்லை, சண்டையும் இல்லை. இவ்வளவு தண்ணீர் இருந்தும் ஒரு படி நெல் விளையாது. யாரோ கோபத்தில் சபித்துவிட்டுப் போன வயல் மாதிரி இருக்கிறது. போதுமா?

பிள்ளை இப்போது உதைக்கிறது. நீங்கள் பாடி அனுப்பிய கேசட்டைப் போட்டால் இன்னும் உதைக்கிறது. பிடித்து உதைக்கிறதா, நிறுத்தச் சொல்லி உதைக்கிறதா என்று தெரியவில்லை. பெண்ணாகத்தான் இருக்கும் என்று மாமி சொல்கிறார்கள். நீங்கள் மேடையில் பாடும்போது இருமல் வராமலிருக்கப் பனங்கற்கண்டு வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்
அனீஸா


தோப்புத்துறை
9.5.1995

மச்சானுக்கு,

எங்கள் அத்தா போனில் உங்களிடம் சொல்லிவிட்டார்கள் என்று தெரியும். வர முடியவில்லை என்று நீங்கள் அழுததாகவும் சொன்னார்கள். வந்தும் என்ன செய்திருப்பீர்கள்.

பெண்தான். மாமி சொன்னது சரி. முகத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். உங்கள் நெற்றி. அழவில்லை, கண் திறக்கவில்லை. ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் வரக்கூடாது என்பதால் நான் வாசல்வரைக்கும்தான்.

நாற்பது நாள் ஆகாமல் வெளியே போகக்கூடாது என்றார்கள். நேற்று மாமிக்குத் தெரியாமல் கடற்கரைக்குப் போனேன். அங்கே அலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மச்சான். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கரையில் வைக்கிறது. நாம் சரியாகப் பார்ப்பதற்குள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. தந்ததும் அதுதான், எடுத்துக்கொண்டதும் அதுதான். எனக்கு மிச்சம் கால் நனைந்த தண்ணீர் மட்டும்.

வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை. மாமிக்கும் அம்மாவுக்கும் நான் தைரியமாக இருக்கிறேன் என்றுதான் எண்ணம். அப்படியே இருக்கட்டும்.

அனீஸா


துபாய்
11.12.1995

அன்பு அனீஸாவுக்கு,

அடிக்கடி எழுதவில்லை என்று நீ கோபித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் எழுந்துவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். நாகப்பட்டினம் டாக்டரம்மா சொன்ன தேதியில் உம்மாவைக் கூட்டிக்கொண்டு கட்டாயம் போய்வா.

ஒரு சந்தோஷச் செய்தி. என் பாட்டுகள் கேசட்டாக வந்துவிட்டன. "கரையோரக் காற்று" என்று பெயர். அட்டையில் நான் மணலில் நிற்கிற படம். எட்டுப் பாட்டு, எல்லாம் கடற்கரைப் பாட்டு. இங்கே தமிழ்க் கடை எதில் நுழைந்தாலும் ஓடுகிறது. மெட்ராஸிலும் போட்டிருக்கிறார்களாம். அபுதாபியில் மேடை, ஷார்ஜாவில் மேடை. போன வாரம் லிஃப்டில் ஒருத்தர், "நீங்க பீச் பாய்தானே?" என்றார். அதுதான் இப்போது என் பேர், பீச் பாய்.

உனக்கு ஒரு பிரதி அனுப்பவில்லை. அடுத்த லீவில் நானே கையில் கொண்டுவருகிறேன். அதுவரை வாங்கிக் கேட்க வேண்டாம். நான் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால்தான் நன்றாயிருக்கும்.

உன் பிரியமுள்ள
ஜாஃபர் சாதிக்


ஆடுதுறை
22.1.1996

ஜாஃபர் சாதிக் அவர்களுக்கு,

மேலே ஊர்ப்பெயரைப் பார்த்திருப்பீர்கள். அத்தா வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமிக்கும் எனக்கும் எந்தச் சண்டையும் இல்லை. அவர்களே பஸ் ஏற்றிவிட்டார்கள். ஏன் வந்தேன் என்று அவர்களுக்கும் தெரியும்.

நீங்கள் சொன்னபடி டாக்டரம்மாவைப் பார்க்க மாமியும் நானும் வேதாரண்யத்தில் நாகப்பட்டினம் பஸ் ஏறினோம். ஜன்னலோர சீட். உப்பளம் தாண்டியதும் டிரைவர் பாட்டுப் போட்டார். முதலில் உங்கள் குரல் என்றுதான் தெரிந்தது. மாமி என் கையைத் தட்டி, "ஏ புள்ள, நம்ம ஜாஃபரு!" என்று சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அரை நிமிஷம்.

"கொண்டு வந்து கரையில் வைத்தாய்
கண்ணால் பார்க்கும் முன்னே எடுத்தாய்
தந்ததும் நீ கொண்டதும் நீ
தண்ணீர் மட்டும் மிச்சம் வைத்தாய்"

பின் சீட்டில் காலேஜ் பையன்கள் நாலைந்து பேர் கை தட்டினார்கள். ஒருவன் எழுந்து நின்று ஆடினான். "அண்ணே, இன்னொரு தடவை போடுங்கண்ணே" என்றான். கண்டக்டர் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "நம்ம தோப்புத்துறை பாய் பாட்டுடா இது. துபாய்லேருந்து எழுதுனது. எவளோ நல்லா ஏமாத்திட்டுப் போயிட்டா போல."

இன்னொரு தடவை போட்டார்கள்.

மாமி என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களாகவே புரிந்துகொண்டு என் தலையைத் தங்கள் மடியில் சாய்த்துக்கொண்டார்கள். நாகப்பட்டினம் வரைக்கும் அப்படியே போனோம்.

கடலைப் பற்றி நான் எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன். மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் கடல் எங்கே இருந்தது? அது நான் உங்களுக்கு எழுதியது. பஸ்ஸுக்கு எழுதவில்லை. மடித்து ஒட்டித் தபாலில் போட்டதைப் பிரித்துப் படிக்கிற உரிமை உங்கள் ஒருவருக்குத்தான் கொடுத்தேன்.

நாகப்பட்டினத்தில் அந்தக் கேசட்டை வாங்கினேன். வாங்க வேண்டாம் என்று ஏன் எழுதினீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது. அட்டையில் போட்டிருக்கிறது: "பாடல், இசை, குரல் – ஜாஃபர் சாதிக்."

ஹ. அனீஸா


துபாய்
9.2.1996

அனீஸா,

உன் கடிதத்தை நான்கு நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். சாக்குச் சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பிள்ளை போன செய்தி ஆபீஸ் போனில் வந்தது. மேனேஜர் எதிரில் நின்றுதான் கேட்டேன். அழுதேன் என்று மாமா சொன்னார்களே, அது அந்த இரண்டு நிமிஷம்தான். பிறகு டப்பா எண்ணப் போய்விட்டேன். அறையில் எட்டுப் பேர், கட்டிலுக்கு மேல் கட்டில். ஒருத்தன் புரண்டால் எட்டுப் பேருக்கும் தெரியும். அங்கே யார் அழ முடியும்?

உன் கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. மறுநாள் கடற்கரையில் வஹாப், "ரெண்டு வாரமா வாயே தொறக்கல, ஒண்ணு பாடு மாப்ள" என்றான். வாயைத் திறந்தேன். உன் வரி வந்தது. நான் மெட்டுப் போடவில்லை, அது தானாக வந்தது. பாதியில் குரல் உடைந்தது. அதையும் பாட்டு என்றே நினைத்துக்கொண்டார்கள். முடிந்ததும் நாற்பது பேரில் ஒருவரும் கை தட்டவில்லை. எல்லோரும் தத்தம் வீட்டை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குத்தான் என் மகளுக்காக நான் அழுதேன், அனீஸா. மணலில், நாற்பது பேர் முன்னால்.

அதுவரைக்கும் நடந்தது என் கையில் இல்லை. அதற்குப் பிறகு நடந்தது என் கையில்தான் இருந்தது. கேசட்காரர் அந்தப் பாட்டுக்குத் தபேலா போட்டு வேகமாக்கச் சொன்னார், சரி என்றேன். அட்டைக்காக, "எழுதுனது யாருங்க?" என்று கேட்டார். உன் பேரைச் சொன்னால் ஏன், எதற்கு என்று கேட்பார்கள், எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும் என்று பயந்தேன். பயம் மட்டும்தானா என்றால், இல்லை. பாட்டு நன்றாயிருந்தது. அதை நான் எழுதியதாகவே இருக்கட்டும் என்ற ஆசையும் இருந்தது. அந்த ஆசையை உன்னிடம் மறைக்கத்தான் வாங்க வேண்டாம் என்று எழுதினேன்.

என்ன செய்யச் சொல்கிறாய்? செய்கிறேன்.

ஜாஃபர் சாதிக்


ஆடுதுறை
1.3.1996

அவர்களுக்கு,

போனில் அழுதது வேறு. நம் மகளுக்காக நீங்கள் அழுதீர்கள் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அதை அப்போதே எழுதியிருந்தால் நான் மட்டும்தான் அழுகிறேன் என்று பத்து மாதம் நினைத்துக்கொண்டிருந்திருக்க மாட்டேன்.

அழுததை மன்னித்துவிட்டேன். பேர் போட்டுக்கொண்டதை மன்னிக்க முடியவில்லை.

அந்தப் பாட்டை இனி எந்த மேடையிலும் பாடாதீர்கள். காரணம் யாருக்கும் சொல்ல வேண்டாம். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். கடல் பற்றியும் இனி நான் எழுதப் போவதில்லை. இந்த ஊரில் கடலும் இல்லை.

ஹ. அனீஸா


துபாய்
14.12.1997

அன்பு அனீஸாவுக்கு,

நீ பதில் எழுதாத கடிதங்களில் இது பதினொன்றாவது. புகார் சொல்லவில்லை. போன வருஷம் லீவில் ஆடுதுறையில் பத்து நாள் இருந்தபோதும் நீ எனக்கு நல்ல சாப்பாடு போட்டாய், துணி துவைத்துக் கொடுத்தாய், பேச்சைத்தான் மிச்சம் பிடித்தாய். மாமாவுடன் அவர்களுடைய அரிசி மண்டியில் உட்கார்ந்து பொன்னி அரிசிக்கும் மற்ற அரிசிக்கும் உள்ள வித்தியாசம் கற்றுக்கொண்டு திரும்பினேன். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன பிறகு மண்டியில் நீதான் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து ரகம் சொல்கிறாய் என்று உம்மா ஆள் வைத்து எழுதியிருந்தார்கள். கேட்டதும் பெருமையாக இருந்தது.

என் இரண்டாவது கேசட் ஓடவில்லை. நானே உட்கார்ந்து எழுதினேன். நிலா, படகு, முத்து, சிப்பி. "பாய், இதெல்லாம் காலண்டர் படம் மாதிரி இருக்கு" என்றார் கடைக்காரர். சரியாகத்தான் சொன்னார். இப்போது மேடையும் இல்லை. வருத்தமும் அவ்வளவாக இல்லை.

பெயிண்ட் குடோன் வேலையை விட்டுவிட்டேன். தேராவில் மீன் மார்க்கெட் பக்கம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை எடுத்திருக்கிறேன். வஹாப்தான் சமையல். சோறும் மீன் குழம்பும். பாட்டு போய்விட்டது, பேராவது இருக்கட்டும் என்று "பீச் பாய்" என்றே போர்டு மாட்டி, கடையைக் கடற்கரை மாதிரியே செய்தேன். நீலச் சுவர், சுவரில் வலை, ஒரு பாதிப் படகு. தரையில் நிஜ மணலே கொட்டினேன். மூன்றாம் நாள் முனிசிபாலிட்டி ஆள் வந்தார். "இது என்ன?" என்றார். "பீச்" என்றேன். வாசலுக்குக் கூட்டிப்போய் இரண்டு தெரு தள்ளிக் கையைக் காட்டி, "பீச் அங்கே இருக்கிறது" என்றார். அன்று முழுவதும் மணல் அள்ளினோம். இன்னும் சோற்றில் ஒன்றிரண்டு பல்லில் படுகிறது.

நீ சிரித்தாயா என்று தெரியாமலே இதை எழுதுகிறேன்.

உன்
ஜாஃபர் சாதிக்


ஆடுதுறை
20.4.1998

மச்சானுக்கு,

சிரித்தேன். அம்மா, "என்னடி?" என்று வந்து நின்றது. படித்துக் காட்டினேன். அம்மாவும் சிரித்தது.

போன வாரம் உங்கள் அப்துல் வஹாப் லீவில் வந்தவர், ஆடுதுறைக்கும் வந்தார். நீங்கள் கொடுத்துவிட்ட துணி, சோப்பெல்லாம் கொடுத்தார். டீ குடித்துவிட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். "தங்கச்சி, ஒரு விஷயம். சொல்லாதேன்னு மாப்ள சத்தியம் வாங்கிருக்கான். நான் சத்தியம் பண்றப்ப மனசுல வேற நெனச்சுக்கிட்டேன், அதனால பரவாயில்ல" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெருநாள் விழா மேடையில் நடந்ததைச் சொன்னார். ஆயிரம் பேர் அந்தப் பாட்டைக் கேட்டுக் கத்தினார்களாம். விழாக்காரர்கள் மேடைக்கே வந்து, "அதப் பாடிட்டு எறங்குங்க பாய், அதுக்குத்தானே கூப்பிட்டோம்" என்றார்களாம். நீங்கள் மைக்கில், "அது என் பாட்டு இல்லீங்க. எழுதுனவங்க பாட வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றீர்களாம். திருட்டுப் பாட்டா என்று கூச்சல். செருப்பு வந்து விழுந்ததாம். அதற்குப் பிறகும் நீங்கள் இறங்காமல் மீதி ஏழு பாட்டையும் பாடி முடித்தீர்களாம். கேட்பதற்கு முதல் வரிசையில் வஹாப் மட்டும்தான் இருந்தாராம்.

கேசட்காரரிடம் போய் அட்டையில் பேரை மாற்று, இல்லாவிட்டால் அந்தப் பாட்டை எடு என்று நின்றதையும் சொன்னார். அவர் மறுத்துவிட்டு உங்களோடு பேச்சையே நிறுத்திக்கொண்டதையும் சொன்னார்.

பதினொரு கடிதம் எழுதினீர்கள். ஒன்றிலும் இது இல்லை. என்னிடம் நல்ல பேர் வாங்கலாம் என்றிருந்தால் முதல் கடிதத்திலேயே எழுதியிருப்பீர்கள். எழுதாமல் இருந்ததுதான் என்னை எழுத வைக்கிறது.

ஒன்று நானும் மறைத்தேன். கடல் பற்றி எழுத மாட்டேன் என்றேனே தவிர, எழுதாமல் இல்லை. மண்டியில் ஆள் வராத நேரத்தில் எழுதுகிறேன். அரிசி தூற்றுகிற பெண்கள், லாரிக்காரர்கள், தண்ணீர் வராத ஆனி மாதம், அத்தாவின் கறுப்புக் கண்ணாடி. பாட்டு என்றே எழுதுகிறேன். மெட்டு எனக்கு வராது. இருபத்து மூன்று சேர்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் கீழே என் பேர் எழுதி வைத்திருக்கிறேன்.

சோற்றில் மணல் பல்லில் படுகிறது என்றால் கடை கெட்டுப்போகும். என்ன அரிசி போடுகிறீர்கள்?

அனீஸா


துபாய்
7.6.1998

அன்பு அனீஸாவுக்கு,

வஹாப் திரும்பி வந்ததும் சத்தியத்தைப் பற்றிக் கேட்டேன். "அடிக்கிறதா இருந்தா அடி, ஆனா மீன் நீதான் கழுவணும்" என்றான். அடிக்கவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிறகு மீனையும் நான்தான் கழுவினேன்.

இங்கே கிடைக்கிற அரிசி குழைந்துவிடுகிறது. குழம்பு ஊற்றினால் கஞ்சி. சாப்பிடுகிறவர்கள் பாதிப்பேர் நம் தஞ்சாவூர்ப் பக்கம். "பாய், கொழம்பு நம்ம ஊரு, சோறு யாரு ஊருங்க?" என்று கேட்கிறார்கள். இப்போது அங்கிருந்து அரிசி அனுப்பத் தடையில்லை என்கிறார்களே, ஆடுதுறையிலிருந்து நேராக வரவழைக்க முடியுமா? உன் கை பார்த்துத் தேர்ந்ததாக இருந்தால் இந்தத் தெருவில் எங்களை யாரும் அசைக்க முடியாது.

இதைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். கேட்டு முடித்ததும்தான் தெரிகிறது, மறுபடியும் உன்னிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளத்தான் கேட்கிறேன். முன்னே வரி, இப்போது அரிசி. அதனால் மாற்றிக் கேட்கிறேன். கடையில் இந்த ஊர்ச் சட்டப்படி அரபி ஸ்பான்சருக்குள்ள பங்கு போக மீதி என் பேரில் இருக்கிறது. அதில் சரிபாதி உன் பேருக்கு எழுதக் காகிதம் தயார் செய்திருக்கிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும், என்னிடம் பேசினாலும் பேசாவிட்டாலும் அது உன்னுடையது. போர்டையும் "அனீஸா பீச் ரெஸ்டாரண்ட்" என்று மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன்.

இருபத்து மூன்று பாட்டையும் அனுப்பு என்று கேட்க மாட்டேன். கேட்க ஆசையாக இருக்கிறது என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

உன்
ஜாஃபர் சாதிக்


ஆடுதுறை
30.8.1998

பிரியமுள்ள மச்சானுக்கு,

நீங்கள் அனுப்பிய காகிதத்தை அத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மாட்டிக்கொண்டு, இரண்டு தடவை படித்தார்கள். "மாப்பிள்ளை மண்டியில பத்து நாள் சும்மா ஒக்காந்திருந்தாரே, அப்பவே நெனச்சேன், ஆளு தேறிட்டாருன்னு" என்றார்கள். அப்போது நினைத்ததாக அப்போது சொல்லவில்லை. இருக்கட்டும்.

போர்டை மாற்ற வேண்டாம். பீச் பாய் என்று நீங்கள் வாங்கிய பேர் அது, உங்கள் தொண்டையால் வாங்கியது. அதுவே தொங்கட்டும். என் பேர் போர்டில் வேண்டாம், கடை லைசென்ஸில் வேண்டும்.

பாட்டுக்கும் அப்படித்தான். இருபத்து மூன்றையும் நகல் எடுத்து ஒரு நோட்டில் எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்து, எது உங்களுக்குப் பாட வருகிறதோ அதைப் பாடுங்கள். கடை சுவர் ஓரம் உட்கார்ந்து வெள்ளிக்கிழமை பாடினால் போதும், மேடை தானாக வருகிறபோது வரட்டும். எழுதியது யார் என்று ஒவ்வொரு தடவையும் பாடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். பாடிய பிறகு சொன்னால் கை தட்டலில் காதில் விழாது. நம் மகளின் பாட்டு மட்டும் எந்த நாளும் வேண்டாம். அது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

அரிசி முதல் லோடு தூத்துக்குடியிலிருந்து கப்பலில் ஏறிவிட்டது. ஒவ்வொரு மூட்டையும் நான் கை விட்டுப் பார்த்தது. ஊற வைக்காமல் வடிக்க வேண்டாம் என்று வஹாப் அண்ணனிடம் சொல்லுங்கள். அவர் கேட்க மாட்டார். அதனால்தான் நானே வருகிறேன்.

ஆம், வருகிறேன். பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதில் என் படம் கோபமாக இருக்கிறது என்று அம்மா சொல்கிறது. விசா நகல் கிடைத்தது. செப்டம்பர் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மெட்ராஸிலிருந்து காலை விமானம். கும்பகோணம்வரை அத்தாவும், அங்கிருந்து மெட்ராஸ்வரை மாமியும் துணை. துணைக்கென்று இப்போதே இங்கே வந்துவிட்ட மாமி, எழுபது வயதில் மெட்ராஸைப் பார்க்கப் புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார்கள். உங்களுக்கு அவர்கள் சொல்லச் சொன்னது: "எம் புள்ளக்கி புத்தி வந்துருச்சுன்னா அது இந்தப் புள்ளயாலதான். கண்ணு கலங்க வைக்காம வச்சுக்கச் சொல்லு." நான் அதைச் சொல்ல மாட்டேன் என்றேன். எழுது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். எழுதிவிட்டேன்.

நான் சமைக்க வரவில்லை, துணி துவைக்கவும் வரவில்லை. கடையைப் பார்த்துக்கொள்ள வருகிறேன், உங்களோடு இருக்க வருகிறேன். இரண்டும் சேர்ந்துதான். இரண்டரை வருஷம் பேசாமல் இருந்ததை எப்படிப் பேசி முடிப்பது என்று தெரியவில்லை. விமான நிலையத்தில் நீங்கள் அழுதால் அழுங்கள், யார் பார்த்தால் என்ன.

அந்த மம்ஸார் கடற்கரைக்கு முதல் வெள்ளிக்கிழமையே என்னைக் கூட்டிப்போக வேண்டும். அங்கே தண்ணீர் என்ன நிறம், அலை பெரிதா சிறிதா என்று இப்போதே ஒரு வரியும் எழுதிவிடாதீர்கள். நானே வந்து பார்க்கிறேன்.

உங்கள்
அனீஸா